உடன்பிறந்தவர்கள்: இல்லை

ஆராய்ச்சிக்கு இரத்தம் கொடுக்கிறேன் என்று சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பாரத்தில், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று மலாயில் ஒரு கேள்வி இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம். அதில் நான் 'தியாடா' என்று எழுதினேன். இல்லை என்று அர்த்தம்.

எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். சுங்கைப் பட்டாணியில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் முக்கால் மணி நேரத்தில் பாடாங் செராயில் அவள் வீட்டுக் கேட்டைத் தட்டலாம். புருஷன் பிள்ளைகளோடு நல்லபடியாக இருக்கிறவளை ஒரு பேனாவால் இல்லாமல் ஆக்கிவிட்டு, கீழே தேதியும் போட்டுக் கொடுத்தேன்.

நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிக்கொண்டு முச்சந்தி வரை போய், கேஸை அடைத்தேனா என்று திரும்பி வருகிற ஆள். யாராவது விடாமல் இரண்டு தடவை போன் அடித்தால் எடுத்தவுடன், "யாருக்கு என்னாச்சு?" என்றுதான் கேட்பேன். இப்படிப்பட்டவள் சொல்கிற பொய் துணிச்சலில் வருவதில்லை. இந்தப் பொய்யும் பயத்தில் வந்ததுதான். அந்தப் பயத்தைச் சொல்ல ஏழு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது எங்கள் தாமான் கோயில் மண்டபத்தில் இரத்த தானம் நடந்தது. நான் வேலை செய்யும் கிளவுஸ் பேக்டரியிலிருந்து ஐந்தாறு பெண்கள் சேர்ந்து போனோம். ஊசியைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த முருகனைப் பார்த்துக்கொண்டே கொடுத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வந்தது. இரத்தப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டும், கிளினிக்குக்கு வாருங்கள் என்று.

கிளினிக்கில் நர்ஸ் வேலை பார்த்த ஒரு மலாய்க்கார மிஸ்ஸி கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்தார். உங்களுக்கு 'பென்யாக்கிட் ஹாத்தி' இருக்கிறது என்றார். பென்யாக்கிட் என்றால் நோய். ஹாத்தி என்றால் நமக்கெல்லாம் முதலில் மனசுதான். 'அவளுக்கு என்மேல சாக்கிட் ஹாத்தி' என்று தமிழிலேயே கலந்து சொல்வோம், உள்ளுக்குள் வைத்துப் புகைகிறாள் என்று. நான் இருந்த பதற்றத்தில் அந்த அர்த்தம்தான் வந்து நின்றது.

"எனக்கு யார்மேலயும் ஒண்ணும் இல்ல மிஸ்ஸி. மாமியார்கூடப் போய்ச் சேர்ந்துட்டாங்க" என்று மலாயில் சொன்னேன்.

மிஸ்ஸிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுந்து வந்து என் வலது விலாவுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்தினார். "இந்த ஹாத்தி, காக்," என்று மலாயில் அக்கா போட்டுச் சொன்னார். "கோழியில இருக்குமே, அது."

பாசாரில் எத்தனை தடவை ஹாத்தி ஆயாம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. ஈரல். என் ஈரலில் கிருமி. ஹெப்பட்டைட்டிஸ் பி.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே, "ஹாத்தியில மசாலாவாம்" என்றேன். மலாயில் மசாலா என்றால் பிரச்சினை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், எதையும் லேசாக எடுத்துக்கொள்கிறவர். "ஈரல் மசாலாவா? சோறு வடிச்சாச்சா?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

எப்படி வந்தது என்று மிஸ்ஸி கேட்ட கேள்விகளிலேயே பதில் இருந்தது. அம்மா எப்படி இறந்தார்? எங்கள் அம்மா பாடாங் செராய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, கை கால் குச்சியாகி இறந்தார். தோட்டத்தில் எல்லோரும் மஞ்சக்காமாலை முற்றிவிட்டது என்றார்கள். ஈரலில் எது வந்தாலும் எங்களுக்கு அந்த ஒரே பெயர்தான், அந்த ஒரே கீழாநெல்லிதான். காமாலை ஒட்டிக்கொள்ளும் என்று அம்மாவுக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை வைத்தார்கள். அதைக் கழுவுகிற வேலை எனக்கு. அப்போது நான் ரிமூவ் வகுப்பில் இருந்தேன். தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் மலாய் படிக்க ஒரு வருஷம் உட்காரும் வகுப்பு. அந்த வருஷத்தின் பாதியோடு என் படிப்பு நின்றது. தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது.

இந்தக் கிருமி பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும், சின்னதில் வந்தால் பெரும்பாலும் போகாது என்று மிஸ்ஸி விளக்கினார். இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் ஊசி இருக்கிறது. எங்கள் காலத்தில் அது இல்லை. வீட்டுக்காரரைக் கூட்டி வாருங்கள், மகளைக் கூட்டி வாருங்கள், கூடப்பிறந்தவர்கள் இருந்தால் கட்டாயம் வரச் சொல்லுங்கள் என்றார். வீட்டுக்காரருக்கு இல்லை. அவருக்கு ஊசி போட்டார்கள். மகளுக்குப் பிறந்தபோதே போட்டிருந்தது, அவளுக்கும் ஒன்றுமில்லை.

தங்கச்சியிடம் சொல்லவில்லை.

அவள் தமிழ்ப்பள்ளிக் கண்டினில் சமைக்கிறாள். மிகூன், வடை, ஜெலி. ஓய்வு நேர மணி அடித்தால் அத்தனை பிள்ளைகளும் அவள் முன்னால் நிற்கும். அக்காவுக்கு ஈரல் நோய், அம்மாவும் அதில்தான் போனாள் என்று ஒருத்தர் காதில் விழுந்தால் போதும், அவள் கை வடையை யார் வாங்குவார்கள்? கேட்டவுடன் எல்லோர் வாயிலும் காமாலை என்றுதானே வரும். சாப்பாட்டில் பரவுவது வேறு வகை, இது இரத்தத்தில் பரவுவது என்று ஒவ்வொருத்தரிடமும் போய் விளக்க முடியுமா? இப்படிச் சொல்லிச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் குண்டுக்கல் மாதிரி இருக்கிறாள், ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. இருந்தால் தெரியாமலா இருக்கும்?

ஆனால் ஒன்று செய்தேன். அவள் வீட்டுக்குப் போகும்போது என் டம்ளரை நானே எடுத்துப் போனேன். மிஸ்ஸி தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: ஒரே கோப்பையில் குடித்தால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, பல் பிரஷ்ஷும் சவரக்கத்தியும் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது காதில் ஏறியது, கைக்கு இறங்கவில்லை. அந்தக் கை அம்மாவின் கோப்பையைச் சாம்பல் போட்டுத் தேய்த்த கை. பிள்ளைகள் இருக்கிற வீடு, எதற்கும் இருக்கட்டும் என்று பைக்குள் ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் வைத்துக்கொண்டேன். அவள் காப்பி கொண்டு வந்தால், "வேணாண்டி, வயிறு சரியில்ல" என்பேன். சாப்பிடச் சொன்னால் வீட்டிலேயே சாப்பிட்டேன் என்பேன்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு தீபாவளியன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் மாமியார் வீட்டு ஆட்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் காப்பி வந்தது. நான் என் பையைத் திறந்தேன்.

"என்னக்கா" என்றாள், சத்தமாகவே. "எங்க வீட்டு டம்ளர்ல வாய் வச்சா பட்டணத்துக்காரங்களுக்கு ஆகாதா?"

"அப்படி இல்லடி..."

"பின்ன எப்படி? சொல்லு. இங்க உக்காந்திருக்கிறவங்களும் கேக்கட்டும். எங்க கையில தண்ணி வாங்கிக் குடிச்சா என்ன கொறைஞ்சிரும்?"

அவள் கட்டிக்கொண்ட இடம் வேறு சாதி. அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் கொஞ்சப் பேர் வந்து, சாப்பிடாமல் போனவர்கள். அது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூடத்தில் நான் வேறு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கேடு, சொல்லாவிட்டால் நான் சாதி பார்க்கிறவள். டம்ளரைப் பைக்குள் போட்டேன். எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு போன், "எல்லாம் சுகமா, சுகம்" என்பதோடு சரி. மிஸ்ஸியிடம் எனக்கு யாரோடும் சாக்கிட் ஹாத்தி இல்லை என்று சொன்னேனே, அதை நானே உண்டாக்கிக்கொண்டேன்.

ஆராய்ச்சி விஷயம் போன வருஷம் வந்தது. தினம் ஒரு மாத்திரையும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் எனக்கு உண்டு. ஒரு தடவை முடிந்து வெளியே வரும்போது ஒரு தமிழ்ப் பெண் வந்து, "அக்கா, அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்றாள். ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. எங்கள் மகள் வயதுதான் இருக்கும். என்னைப் போன்றவர்களின் இரத்தத்திலிருந்து ஈரல் செல் செய்து, அதில் இந்தக் கிருமி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப்போகிறார்களாம்.

"ஈரல வெட்டி எடுப்பீங்களா?"

"இல்லக்கா. இரத்தம் மட்டும்தான். அதுலேர்ந்து நாங்க செஞ்சுக்குவோம்."

"இரத்தத்துல எப்படிம்மா ஈரல் வரும்?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். இரத்தத்தில் இருக்கிற ஒரு செல்லை எடுத்து, தான் இரத்தம் என்பதையே அது மறக்கும்படி செய்வார்கள். அது பின்னால் போய்ப் போய், கருவில் முதல் நாட்களில் இருக்கிற செல் மாதிரி ஆகிவிடும். அதற்கு ஸ்டெம் செல் என்று பெயர். தமிழில் குருத்தணு என்று எழுதுகிறார்களாம். அந்தக் குருத்து இன்னும் எதுவாகவும் ஆகாதது. கண்ணாகவும் ஆகலாம், தோலாகவும் ஆகலாம். அதற்கு ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு விதமான தீனி மாற்றி மாற்றிக் கொடுத்து, ஈரலாகு ஈரலாகு என்று பழக்குவார்கள்.

எனக்கு ஆயிரம் சந்தேகம். அங்கே அந்தச் செல்லில் கிருமியை விட்டால் இங்கே எனக்கு ஏறுமா? அது வலித்தால் எனக்குத் தெரியுமா? என்னை மாதிரியே இன்னொரு ஆள் செய்துவிடுவார்களா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றாள். கடைசிக் கேள்விக்கு மட்டும், "உங்கள மாதிரி இன்னொரு ஆளு இருந்தா கேள்வி கேட்டே எங்க டாக்டர வேலைய விட்டு ஓட வச்சிருவாங்கக்கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் பாரத்தை நிரப்பினேன். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. ஒன்று என்று போட்டால் முகவரி கேட்பார்கள், முகவரி கொடுத்தால் பள்ளிக்கூடத்துக்கே போய் விசாரிப்பார்கள், பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று அந்த ஒரு நொடிக்குள் எவ்வளவோ நடந்து முடிந்துவிட்டது. தியாடா.

வீட்டில் வந்து சொன்னதும் அவர், "பாரு, நீ ரிமூவ் தாண்டல, உன் ஈரல் யூனிவர்சிட்டிக்குப் போயிருச்சு" என்றார். அக்கம்பக்கத்தில் சொல்லவேண்டாம் என்று அவர் வாயைப் பொத்தினேன்.

மாசங்கள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். இரத்தம் கொடுத்தவர்கள் விருப்பப்பட்டால் ஒரு நாள் வந்து ஆய்வுக்கூடத்தைப் பார்க்கலாம் என்று. எனக்குப் போகப் பயம், போகாமல் இருக்கவும் பயம். லீவு போட்டேன். வீட்டுக்காரர் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, தே தாரே டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு கண்டின் பக்கம் போய்விட்டார்.

உள்ளே போகுமுன் வெள்ளைக் கோட்டும் கையுறையும் கொடுத்தார்கள். கையுறையை ஊதி விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். பேக்டரியில் நான் இருபது வருஷமாகச் செய்கிற வேலை ஓட்டை பார்ப்பதுதான். அந்தப் பெண் நின்று வேடிக்கை பார்த்தாள். "ஒரு ஓட்டையும் இல்ல, போடலாம்" என்றேன், ஏதோ நான்தான் அந்த இடத்துக்கு மேனேஜர் மாதிரி.

ஒரு பூதக்கண்ணாடி இயந்திரத்தை டிவி திரையோடு இணைத்திருந்தார்கள். அதில் ஒரு தட்டை வைத்தாள். திரையில் கூழாங்கல் பதித்த தரை மாதிரி தெரிந்தது. ஒன்றோடொன்று இடிக்காமல், இடைவெளி இல்லாமல், ஒழுங்காக. சிலதுக்கு நடுவில் இரண்டு புள்ளி.

"இதுதான்க்கா உங்க ஈரல். செஞ்சது. இன்னும் கிருமி விடாதது."

"கிருமி இல்லாததா?"

"ஆமா. கிருமி ஈரல்லதான் குடியிருக்கும். நாங்க எடுத்தது இரத்தத்துல உள்ள செல்லு, அதையும் முதல்லேர்ந்து வளர்த்தது. அதனால இது சுத்தமான ஈரல்."

நான் திரைக்குக் கிட்டே போனேன். பிறந்த அன்றைக்கே எனக்குக் கிருமி வந்துவிட்டது. அப்படியென்றால் இந்தச் சுத்தமான ஈரல் என்னிடம் எப்போது இருந்தது? அம்மா வயிற்றுக்குள் இருந்தபோது மட்டும்தான். அதற்கப்புறம் எனக்கே இல்லாத ஒன்றை இந்தப் பிள்ளை தட்டில் வைத்துக் காட்டுகிறாள். அது என்னுடையதாம். அது வேலைகூடச் செய்கிறதாம், ஈரல் சுரக்க வேண்டியதைச் சுரக்கிறதாம். நல்ல வேளை, அறையில் குளிர் அதிகம். மூக்கை உறிஞ்சியதற்கு அதைக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

"இதுல ஏம்மா கிருமிய விடுறீங்க? சுத்தமா இருந்துட்டுப் போகட்டுமே."

அவள் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். இந்தக் கிருமிக்கு மனுஷ ஈரல்தான் வேண்டும், சாதாரண எலியிடம் விட்டால் ஒட்டாது. ஆப்பரேஷனில் கிடைக்கிற ஈரல் துண்டைத் தட்டில் வைத்தால் கொஞ்ச நாளில் அது தன் சுபாவத்தை மறந்துவிடும். என்னைப் போன்ற நோயாளிகளிடம் கிருமி உள்ளே போய்ப் பல வருஷம் கழித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அது எந்த வாசல் வழியாக நுழைந்தது, நுழைந்தவுடன் ஈரல் என்ன செய்தது என்பதையெல்லாம் ஒரு மனுஷரின் உடம்பில் உட்கார்ந்து பார்க்க முடியாது. "இங்கதான்க்கா முதல் நாள்லேர்ந்து பார்க்கலாம். நீங்க சாப்பிடுற மாத்திரை கிருமியோட வாய அடைக்குது, வெளியே விரட்டல. செல்லுக்குள்ள அது ஒரு பிரதிய ஒளிச்சு வச்சுக்குது. அத எப்படி எடுக்கிறதுன்னுதான் எல்லாரும் தேடுறாங்க."

கிருமி விட்ட செல்கள் வேறொரு அறையில், பூட்டி இருந்தன. அங்கே என்னை விடவில்லை. அதற்குப் பதில் இரண்டு படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். இடது பக்கம் கிருமி இல்லாதது, வலது பக்கம் கிருமி உள்ளது. எது எது என்று முதலில் சொல்லவில்லை. "எதுல இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள்.

ஓட்டை பார்க்கிற கண் என்னுடையது. ஊசி முனை அளவு ஓட்டையை, ஓடுகிற பெல்ட்டில் ஓடும்போதே பிடிப்பேன். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அதே கூழாங்கல், அதே ஒழுங்கு, அதே புள்ளி. ஒன்று வாடியிருக்கும், கறுத்திருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. கடைசியில் இடது பக்கத்தைக் காட்டினேன். தப்பு.

"எல்லாரும் தப்பாத்தான் சொல்வாங்கக்கா. கண்ணால தெரியாது. கிருமி இந்தச் செல்ல நேரா கொல்றதில்ல. செல்லு பாட்டுக்கு நல்லா வேல செஞ்சிட்டே இருக்கும். சாயம் போட்டுச் சோதிச்சாத்தான் தெரியும்."

மூன்றாவது படத்தைப் போட்டாள். வலது பக்கத்தில் இருந்த அதே செல்கள், சாயம் போட்டது. கறுப்பில் பச்சைப் பச்சையாக எரிந்தது.

குண்டுக்கல் மாதிரி இருக்கிறாள், இருந்தால் தெரியாமலா இருக்கும் என்று ஏழு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது அந்தத் திரையில் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தாள்.

"எனக்குத் தங்கச்சி இருக்கா" என்றேன். "பாரத்துல பொய் எழுதிட்டேன்."

போலீஸ் வரும் என்றே எதிர்பார்த்தேன். அவள் முகம் சுருங்கவில்லை. ஒரே அம்மாவுக்குப் பிறந்து ஒருத்தரிடம் கிருமி தங்கி ஒருத்தரிடம் தங்காமல் இருந்தால் அது ஆராய்ச்சிக்கு எவ்வளவு பெரிய உதவி என்று அவளே அன்று காலையில் சொல்லியிருந்தாள். அதைத்தான் கேட்பாள் என்று நினைத்தேன். "ஆராய்ச்சிய விடுங்க" என்றாள். "அவங்க டெஸ்ட் பண்ணிட்டாங்களா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"ஏன்க்கா?"

அந்த 'ஏன்'னுக்கு என்னிடம் கண்டின் இருந்தது, வடை இருந்தது, சாதி இருந்தது, தீபாவளி இருந்தது. கையுறையைக் கழற்றினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாடாங் செராய்க்குத் தனியாக மோட்டாரில் போனேன். வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் வந்தால் தமாஷாகப் பேசி இலேசாக்கிவிடுவார். இது இலேசாகக் கூடாது.

தங்கச்சி பின்கட்டில் உட்கார்ந்து மறுநாள் கண்டினுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் வெளியே போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "யாரு செத்தது?" என்றாள். பயம் எங்கள் குடும்பச் சொத்து.

"யாரும் சாகல. ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு. உக்காரு. தண்ணி வேணுமான்னு கேக்க மாட்டேன், பயப்படாத."

அவள் எதிரே சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தேன். கத்தி ஒன்று இருந்தது, எடுத்து நானும் உரிக்க ஆரம்பித்தேன். கீழே பார்த்துக்கொண்டே முழுவதும் சொன்னேன். கோயில், கடிதம், மிஸ்ஸி, அம்மாவிடமிருந்து வந்தது, கூடப்பிறந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றது.

"எனக்கென்னக்கா? இந்தா பாரு, மூணு ஆள் வேலய ஒத்த ஆளா செய்றேன்."

"அதான்டி தெரியாது. உள்ள இருந்தாலும் ஈரல் நல்லாத்தான் வேல செய்யும். நான் படத்துல பார்த்தேன். நல்லதையும் கெட்டதையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க, எனக்கே தெரியல."

"உனக்கே தெரியலயா?" என்றாள். என் கண்ணைப் பற்றி அவளுக்குத் தெரியும். கத்தியைக் கீழே வைத்தாள். "இது எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"ஏழு வருஷம்."

அவள் விரலில் எதையோ எண்ணுகிற மாதிரி இருந்தது. அப்புறம் மெதுவாக, "அந்த டம்ளரு?" என்றாள்.

"பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்னு பயந்துட்டேன். ஒட்டாதுன்னு சொன்னாங்க. இருந்தாலும்..."

"அதுக்குத்தானா?"

"அதுக்குத்தான்."

"நான் என்னென்னமோ நெனச்சேன்க்கா. இவங்க வீட்டு ஆளுங்ககிட்ட, எங்க அக்காவும் கடைசியில அப்படித்தான்னு சொல்லி அழுதேன்." வெங்காயமா அழுகையா என்று தெரியாத கண்ணோடு என்னைப் பார்த்தாள். திடீரென்று குரல் உயர்ந்தது. "ஒட்டாத டம்ளருக்கு எனக்குக் காவல் இருந்திருக்க. ஒட்டுறத ஒரு வார்த்த சொல்லல. ஏன்டி?"

எனக்கு விவரம் தெரிந்து அவள் என்னை 'டி' போட்டதில்லை.

"கண்டின் போயிரும்னு..."

"கண்டின் போனா ரோட்டோரம் நாசி லெமாக் விப்பேன். ஈரல் போனா எங்க போய் வாங்குவேன்?"

அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. மிச்சமிருந்த வெங்காயத்தை இரண்டு பேரும் உரித்து முடித்தோம். நான் கிளம்பும்போது, "எந்த கிளினிக்?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கும் இருந்தது. கிளினிக்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். சின்ன வயது டாக்டர், பாதி இங்கிலீஷ் பாதி மலாயில் படபடவென்று பேசினார். ஈரலில் தழும்பு விழ ஆரம்பித்திருக்கிறது, இன்னும் கெட்டுப்போகவில்லை, உடனே மாத்திரை தொடங்கிவிடலாம், விடாமல் சாப்பிட வேண்டும், சமைக்கிற வேலைக்கு ஒரு தடையும் இல்லை என்றார். எனக்குத் தழும்பு இல்லை. ஒரே தாய், ஒரே கிருமி. பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்றுமில்லை, பார்க்காமல் விட்டவளுக்குத் தழும்பு. பார்த்ததால்தான் எனக்கு இல்லையா, அல்லது அவரவர் உடம்பு அப்படியா என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியாதாம். ஆய்வுக்கூடத்தில் தேடுவதும் அதில் ஒரு பங்கைத்தான். அந்தப் பெண் தங்கச்சியிடமும் இரத்தம் கேட்டாள். "என் இரத்தம் என்கிட்டயே இருக்கட்டும்மா, இத்தன நாளா ஆளாளுக்கு எனக்காக முடிவு பண்ணது போதும்" என்றாள் தங்கச்சி. அந்தப் பெண் சிரித்துத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் நெஞ்சில் முள்.

டாக்டரிடம் தங்கச்சி மலாயில் ஒரு கேள்வி கேட்டாள், என்னைப் பார்க்காமல். "ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான் வந்திருந்தா?"

டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இப்போது வந்துவிட்டீர்கள், அதுதான் முக்கியம் என்றார்.

திரும்பும்போது நான்தான் காரை ஓட்டினேன். டோல் கேட்டைத் தாண்டினோம். செம்பனைத் தோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம், "டாக்டர் பதில் சொல்லல, பார்த்தியா?" என்றாள்.

"பார்த்தேன்."

"நீ சொல்லு."

மழுப்ப எனக்கு ஆயிரம் வழி தெரியும். இத்தனை வருஷம் பயந்து பயந்து பேசிப் பழகிய வாய். ஆனால் அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எனக்கும் நிச்சயமாத் தெரியாது. ஆனா அப்பவே வந்திருந்தா அப்பவே கவனிச்சிருப்பாங்க. தழும்பு விழ விட்டிருக்க மாட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது."

"ம்" என்றாள். கண்ணாடியை இறக்கி, மறுபடி ஏற்றினாள். "இத நான் அவ்ளோ சீக்கிரம் மறக்க மாட்டேன்க்கா. சொல்லிட்டேன்."

"சரி."

"சும்மா சரி சரிங்காத."

பாடாங் செராய் சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அவள் மடியிலிருந்த ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துத் தூரமாகப் பிடித்துத் தேதியைப் படித்தாள்.

"அடுத்த மாசம் புதன்கிழம. லீவு போட்டுட்டு வா. அந்த டாக்டர் பேசுறதுல பாதி எனக்குப் புரியல."

"எனக்கும்தான்டி புரியல."

"பரவால்ல. ரெண்டு பேரும் புரியாமயே உக்காந்திருப்போம்லா."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கிளட்ச்சை விட்டேன்.